அண்டாவில் இருந்த சம்பந்தி

“அம்மா, சம்பந்தி சாப்பிட மாட்டேங்காரு.”

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

“எந்தச் சம்பந்தி, அண்ணாச்சி?”

“அண்டாவுக்குள்ள இருக்காருல்லா, அவருதான்.”

“எத்தன நாளா?”

“இன்னையோட பன்னெண்டு நாளு. ஒரு பருக்கை உள்ள போகல.”

இதைச் சொல்லிவிட்டுக் குற்றாலிங்கம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குற்றாலிங்கத்துக்கு அறுபத்தோரு வயது. முப்பத்திரண்டு வருஷம் கல்யாண வீடுகளில் சமைத்தவர். முழங்கால் மக்கர் செய்து, பெரிய பாத்திரங்களைத் தூக்க முடியாமல் போனதும், இனி ஞானத்தைத் தேடலாம் என்று மலையடியில் இருந்த இந்தச் சின்ன மடத்துக்கு வந்தார். ஞானம் தேட வந்தவர், வந்த அன்றைக்கே அடுக்களையைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார். அதற்கப்புறம் அங்கிருந்து வெளியே வரவில்லை. மூன்று வருஷம் ஆகிறது.

அவருடைய குருவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. அதனால் குரு சிஷ்யரை ‘அண்ணாச்சி’ என்பார். சிஷ்யர் குருவை ‘அம்மா’ என்பார். இருவருக்கும் அது சௌகரியமாக இருந்தது.

ஊர் ஜனங்கள் மூன்று வருஷமாக அம்மாவை ஆழாக்கம்மா என்று கூப்பிட்டார்கள். ஒரு வேளைக்கு ஆழாக்கு அரிசிச் சோறு, அதற்கு மேல் ஒரு கவளம் தொட மாட்டார் என்று பேச்சு. பசியை வென்றவர் என்றார்கள். பக்கத்து ஜில்லாவிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்து, அம்மா ஆழாக்கோடு எழுந்து போவதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

குற்றாலிங்கத்துக்கு மட்டும் அதில் சந்தோஷம் இல்லை. பசியை வென்றவருக்குச் சமைத்துப் போடுவதில் ஒரு சமையல்காரனுக்கு என்ன பெருமை இருக்கிறது?

அவர் பந்தி விசாரிப்பதில் பேர் போனவர். சமைத்த கையோடு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கரண்டியோடு பந்தியில் இறங்கிவிடுவார். இலைக்கு முன்னால் நின்று குனிந்து பார்ப்பார். “அவியல் அப்படியே இருக்கே, உப்பு கூடிட்டோ?” என்பார். “ஒரே ஒரு கரண்டி, எனக்காக” என்பார். வேண்டாம் என்று தலையாட்டும் ஆள் தலையாட்டி முடிப்பதற்குள் கரண்டி கவிழ்ந்திருக்கும். அவரிடம் தோற்காத வயிறு தென்காசி வட்டாரத்திலேயே இல்லை.

அம்மாவிடம் மட்டும் அது பலிக்கவில்லை. ஆழாக்குச் சோறு முடிந்து, “ஒரே ஒரு கரண்டி” என்று அவர் குனிந்தவுடன், அம்மா இரண்டு கையையும் இலை மேல் விரித்து மூடிவிடுவார்.

ஒரு வயிறு தன்னிடம் தோற்கவில்லை என்பதையே அவரால் தாங்க முடியவில்லை. இப்போது இரண்டாவதாக ஒன்று அண்டாவுக்குள் வந்து சேர்ந்திருந்தது.

வந்த கதை சின்னது.

குருபூசைக்குப் பெரிய சமையல் வைக்க, பின்கட்டில் நீளமாக மண்ணை வெட்டி அடுப்பு தோண்டினார்கள். மண்வெட்டி நாலாவது வெட்டில் ஒரு பாம்பைப் புரட்டிப் போட்டது. தடியாக, மண் நிறத்தில், இரண்டு பக்கமும் மழுங்கலாக இருந்தது. முதுகில் லேசான காயம்.

“மண்ணுளி. ஒண்ணும் செய்யாது,” என்றார் தோட்டம் பார்க்கும் மாடக்கண்ணு. “ரெண்டு தலைக்காரன். ஆறு மாசம் இந்தத் தலை, ஆறு மாசம் அந்தத் தலை.”

அடுப்பு வெட்டிய இடத்தில் வந்தவர் விருந்தாளி என்று குற்றாலிங்கம் தீர்மானித்துவிட்டார். காயத்தில் மஞ்சள் பூசி, ஒரு பழைய அண்டாவில் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு, அதன் மேல் பாம்பை விட்டார். கொஞ்சம் பன்னீரும் தெளித்தார்.

முதல் நாள் பால் வைத்தார். தொடவில்லை. அடுத்த நாள் பழம் பிசைந்து வைத்தார். தொடவில்லை. மூன்றாம் நாள் நெய் விட்டுப் பருப்புச் சோறு. பாம்பு அந்தப் பக்கமே திரும்பவில்லை.

“சந்தேகமே இல்ல. இது மாப்பிள்ளை வீட்டு ஆளுதான்,” என்றார் குற்றாலிங்கம்.

அன்றிலிருந்து அதற்குச் சம்பந்தி என்று பெயர்.

எட்டாவது நாள், மறுவீட்டு விருந்துக்கு வைப்பது போல முதல் தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைத்து, இஞ்சிப் பச்சடியோடு இறக்கினார். எந்த ஊர்ச் சம்பந்தியும் அந்தச் சொதியில் கோபத்தை மறந்துவிடுவார். இந்தச் சம்பந்தி மறக்கவில்லை.

“காயம் ஆறிட்டுன்னா மண்ணுல விட்டுருங்களேன்,” என்றார் அம்மா.

“காயம் என்னைக்கோ ஆறிட்டும்மா. வெறும் வயித்தோட எப்படி அனுப்புவேன்? வாசல் தாண்டுனதும் விழுந்துருவாரு. பசியில அவரு செத்துப் போனா, இந்தக் கரண்டிய அடுப்புல போட்டுட்டு நான் மடத்த விட்டே போயிருவேன். இது சத்தியம்.”

அம்மா கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தார்.

அண்டாவுக்குப் பக்கத்தில் அன்றைய இலை இருந்தது. சோறு காய்ந்துபோயிருந்தது.

“எந்தப் பக்கம் வைக்கீங்க?”

“இந்தப் பக்கந்தாம்மா. மாடக்கண்ணு கணக்குப் பாத்துச் சொன்னான். ஆடி வரைக்கும் இதுதான் நடப்புத் தலை.”

அம்மா குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நடப்புத் தலைக்குக் கண்ணு எங்க, அண்ணாச்சி?”

குற்றாலிங்கம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். கண் இல்லை. வாயும் இல்லை. மெதுவாக அண்டாவைச் சுற்றி மறுபக்கம் வந்தார். அங்கே கடுகு மாதிரி இரண்டு கண்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு நாக்கு வெளியே வந்து உள்ளே போனது.

குற்றாலிங்கம் காய்ந்த சோற்றைத் திரும்பிப் பார்த்தார்.

“பன்னெண்டு நாளா…” என்றார் குற்றாலிங்கம்.

“வாலுக்கு,” என்றார் அம்மா.

“சொதியும் வச்சேனே!”

“வாலு என்ன சொல்லிச்சு?”

குற்றாலிங்கம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாம்பின் முன்னால் கைகூப்பி, “தப்பா எடுத்துக்கிடாதீங்க, பந்தி மாறிப் போச்சு,” என்றார்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்து நின்றார்.

“அம்மா, இப்ப மொகத்துக்கு நேராத்தான் வைக்கேன். அப்பவும் சாப்பிடல.”

“என்ன வச்சீங்க?”

“பாலு, பழம், நேத்து உளுந்தங்களி. மாடக்கண்ணு ஒண்ணு சொல்லுதான். அத வாயால சொல்லக் கூசுது.”

“சொல்லுங்க.”

“அவருக்கு எலிதான் ஆகாரமாம்.”

அம்மா கீரைக் கட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

“முப்பத்தஞ்சு வருஷத்துல என் அடுக்களைக்குள்ள ஒரு முட்டை வந்தது கெடையாது. அம்மா, பேசிப் பழக்கி அவர சைவத்துக்குக் கொண்டாந்துர முடியாதா?”

“அவரு ஒங்கள எலி திங்கச் சொன்னாரா?”

“சேச்சே. இல்லம்மா.”

“நல்ல விருந்தாளி,” என்றார் அம்மா. கீரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

குற்றாலிங்கம் அன்று முழுக்க யோசித்தார். மறுநாள் காலையில் அரிசி அறைக்குப் போனார். பொறியில் ஒரு சுண்டெலி அடிபட்டுச் செத்துக் கிடந்தது. முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, துண்டால் பிடித்து அதை எடுத்து வந்தார். கையை மூன்று தடவை கழுவினார். வாழையிலையில் ஒரு துண்டு நறுக்கி, தண்ணீர் தெளித்துத் துடைத்து, எலியை நடுவில் வைத்தார்.

கொஞ்சம் யோசித்து, இலையின் ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்பும் வைத்தார். உப்பில்லாத இலை விருந்தாளிக்கு அவமரியாதை.

பிறகு அண்டாவுக்கு முன்னால் மணையைப் போட்டு உட்கார்ந்தார். பந்தி விசாரிப்பு ஆரம்பமாயிற்று.

“சாப்பிடுங்க. கூச்சப்படாதீங்க. சின்னதுதான்.”

பாம்பு அசையவில்லை.

“ஒரே ஒரு வாய். எனக்காக.”

பாம்பு உடம்பைச் சுருட்டிக்கொண்டது.

அவர் இலையை இன்னும் கொஞ்சம் கிட்டே தள்ளினார். எலியை இந்தப் பக்கம் திருப்பி வைத்தார். அந்தப் பக்கம் திருப்பி வைத்தார். விளக்கைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே காட்டினார். பாம்பைத் தூக்கி மடியில் வைத்து, எலியை அதன் வாயில் தொட்டுத் தொட்டு எடுத்தார். பாம்பு தன் தலையைத் தன் உடம்புக்கு அடியிலேயே கொண்டுபோய்ச் செருகிக்கொண்டது.

புது எலி, புது இலை என்று மூன்று நாள் இப்படியே போயிற்று. பாம்பின் தோல் தொளதொளவென்று மடிந்தது. கையில் எடுத்தால் முன்பிருந்த கனம் இல்லை. மூன்றாம் நாள் குற்றாலிங்கம் அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதேவிட்டார். அழுதபோதும் எலியைக் கையிலிருந்து கீழே போடவில்லை.

மத்தியானம் கரண்டியைக் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் வைத்தார். நீளமான பித்தளைக் கரண்டி. முப்பத்தைந்து வருஷப் புகை அதன் மேல் கறுப்பாக ஏறிக் கிடந்தது.

“இன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள அவரு வாயத் தொறக்கலன்னா நான் கெளம்புதேம்மா. சமையக்காரன்னு சொல்லிக்கிட எனக்கு யோக்கியதை கெடையாது.”

அம்மா கரண்டியைப் பார்த்தார். குற்றாலிங்கத்தைப் பார்த்தார்.

“மணலு இருக்கா?”

“எதுக்கும்மா?”

“நாலு கூடை வேணும்.”

மாடக்கண்ணு ஓடையிலிருந்து நாலு கூடை மணல் கொண்டுவந்தார். அம்மா ஜமுக்காளத்தை உருவி வெளியே போட்டார். மணலை அண்டாவுக்குள் கொட்டினார். பாம்பை அதன் மேல் விட்டார்.

பாம்பு மூக்கை மணலில் வைத்தது. ஒரு தள்ளு. இன்னொரு தள்ளு. எண்ணி முடிப்பதற்குள் காணாமல் போய்விட்டது.

“ஐயையோ,” என்றார் குற்றாலிங்கம். “விருந்தாளியப் பொதைச்சிட்டீங்களே!”

அம்மா அன்றைய இலையை மணல் மேல் வைத்தார். எலி இருந்தது, ஓரத்தில் உப்பும் இருந்தது. ஓலைத் தட்டியை எடுத்து அண்டாவை மூடினார்.

“வாங்க போவோம்.”

“எங்க?”

“ஓடைக்கு.”

“நீங்க போங்க. நான் இங்கன ஓரமா நிக்கேன். சத்தமே காட்ட மாட்டேன்.”

“நீங்க நிக்கதே சத்தந்தான், அண்ணாச்சி.”

குற்றாலிங்கத்துக்கு அது புரியவில்லை. ஆனாலும் கரண்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.

பாதி வழியில் நின்றார்.

“அம்மா, யாருமே பக்கத்துல இல்லன்னா, அவரு சாப்பிட்டாரான்னு யாருக்குத் தெரியும்?”

“சாப்பிட்டவருக்குத் தெரியும்.”

ஓடையில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஓடியது. அம்மா ஒரு பாறையில் உட்கார்ந்தார். குற்றாலிங்கம் உட்காரவில்லை. முழங்கால் வலிக்கிறது, கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மடத்துப் பக்கம் நடந்தார். சீக்கிரமே திரும்பி வந்தார்.

“பாத்தீங்களா?”

“ஒரே ஒரு தடவ.”

கொஞ்ச நேரம் கழித்து அவருக்குத் துண்டை மறந்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. துண்டு தோளில்தான் கிடந்தது. போய்விட்டு வந்தார்.

“பாத்தீங்களா?”

“தட்டியத்தாம்மா பாத்தேன். தட்டிக்குள்ள ஒரே ஒரு தடவ.”

மூன்றாவது தடவை அவர் எழுந்தபோது அம்மா கேட்டார்.

“கரண்டிய அடுப்புல போடப் போறேன்னு சொன்னீங்கல்லா?”

“ஆமாம்மா.”

“போடுததுக்கு முன்னால ஒரு தடவ நல்லா வெளக்கிருங்க. அழுக்கோடயா போடுவாங்க?”

அது நியாயமாகத்தான் பட்டது. குற்றாலிங்கம் ஓடையில் இறங்கி, ஒரு பிடி மணலை அள்ளி, கரண்டியைத் தேய்க்க ஆரம்பித்தார்.

மேல் கறுப்பு கொஞ்சம் போனது. அடியில் இன்னொரு கறுப்பு இருந்தது. அதையும் தேய்த்தார். காம்பில் யாரோ ஒரு பூவேலை செய்திருந்தது தெரிந்தது. அப்படி ஒன்று இருந்ததே அவருக்கு மறந்துபோயிருந்தது. கல்யாணம் ஆன புதிதில் அவர் பெண்டாட்டி பாத்திரக் கடையில் அந்தப் பூவைப் பார்த்துத்தான் இந்தக் கரண்டியைக் கேட்டாள். குழிக்குள் தேய்த்தார். விளிம்பில் தேய்த்தார். புதுப்பித்தளை ஒரு காசளவு தெரிந்தது. பிறகு உள்ளங்கையளவு தெரிந்தது. அவருக்குச் சின்னப் பிள்ளை மாதிரி குஷியாகிவிட்டது. எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே தேய்த்தார்.

நிமிர்ந்தபோது வெயில் மலை உச்சிக்கு ஏறியிருந்தது. அம்மா பாறையில் இல்லை.

அப்போதுதான் அவருக்குச் சம்பந்தியின் ஞாபகம் வந்தது. அவ்வளவு நேரமும் அவரை மறந்தே போயிருந்தார். முழங்காலையும் மறந்து ஓடினார்.

தட்டியைத் தூக்கினார்.

மணல் மட்டமாக இருந்தது. இலை இருந்தது. இலையில் உப்பு மட்டும் இருந்தது.

“அம்மா! சாப்பிட்டாரு! அம்மா! சாப்பிட்டுட்டாரு!”

மடமே ஓடி வந்தது. குற்றாலிங்கம் பளபளக்கும் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் நின்றார். பிறகு முகம் கொஞ்சம் வாடிற்று.

“உப்பத் தொடவே இல்ல. ருசி எப்படி இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேக்க முடியாமப் போச்சே.”

அம்மா ஓலைத் தட்டியை எடுத்து அண்டாவை மறுபடியும் மூடினார்.

அதற்கப்புறம் சம்பந்தி இரண்டு தடவை சாப்பிட்டார். இரண்டு தடவையும் யாரும் பார்க்கவில்லை. தோல் இழுத்துப் பிடித்து, உடம்பில் பழைய கனம் வந்தது. ஒரு நாள் சாயந்தரம் குற்றாலிங்கம் அண்டாவை உருட்டிக்கொண்டு போய், அடுப்பு வெட்டிய பள்ளத்தின் ஓரத்தில் சாய்த்து வைத்தார். தாம்பூலம் ஒன்று வைக்கலாமா என்று யோசித்தார். வைக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார். அது அவருக்குச் சுலபமாக இல்லை.

மறுநாள் மத்தியானம் அம்மா சாப்பிட உட்கார்ந்தார்.

அன்றைக்குச் சொதி. குற்றாலிங்கம் வழக்கம்போல ஆழாக்குச் சோறு பரிமாறி, சொதி ஊற்றி, இலைக்கு முன்னால் குனிந்து நின்றார். அம்மா சாப்பிடும் ஒவ்வொரு வாயையும் பார்த்தார். சோறு முடிந்தது. புதுக்கரண்டி மாதிரி மின்னிய கரண்டி மேலே எழும்பியது.

“ஒரே ஒரு கரண்…”

அம்மாவின் இரண்டு கையும் இலை மேல் விரிந்தன.

குற்றாலிங்கம் அந்தக் கைகளைப் பார்த்தார். மூன்று வருஷமாகப் பார்த்த கைகள்தான். ஆனால் அப்படி மூடிக்கொள்வதை வேறெங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. உடம்புக்கு அடியில் தலையைச் செருகிக்கொண்ட சம்பந்தி ஞாபகத்துக்கு வந்தபோது கரண்டி அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

அவர் கரண்டியை இலைக்குப் பக்கத்தில் வைத்தார். சோற்றுப் பானையையும் சொதிச் சட்டியையும் தூக்கிக்கொண்டு போய், ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

சுவரில் ஒரு எறும்பு ஏறியது. அதைப் பார்த்தார். எறும்பு கூரை வரைக்கும் போய்விட்டது. தலையைத் திருப்ப வேண்டும் என்று கழுத்து கெஞ்சியது. துண்டை வாயில் கடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி.”

“அம்மா.”

“திரும்பாதீங்க.”

“இல்லம்மா.”

“சோறு இன்னும் இருக்கா?”

குற்றாலிங்கம் சுவரைப் பார்த்தபடியே, ஒரு கையால் பானையைப் பின்பக்கம் தள்ளினார்.

பின்னால் கரண்டி பானையில் தட்டும் சத்தம் கேட்டது.

“சொதியையும் இப்பிடித் தள்ளுங்க.”